சோபாவில் தலை சாயும் இடத்துக் கறுப்பு: எண்ணெய்க் கறையை எடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று யாரையும் கேட்க வேண்டாம், சோபாவைப் பார்த்தாலே போதும். டிவிக்கு நேர் எதிரே உள்ள மூலையில், தலை சாயும் உயரத்தில், தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கறுத்த வட்டம் இருக்கும். அது அப்பா. வலது கைப்பிடியின் நுனியில், உள்ளங்கை படும் இடம் மட்டும் மெழுகு பூசியதுபோல மினுக்கும். அது ஃபோனும் கையுமாகக் கிடக்கும் தம்பி. துணியின் உண்மையான நிறம் இளஞ்சாம்பல் என்பது சுவரோடு ஒட்டியிருக்கும் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும்.

இதைச் சுத்தம் செய்கிறேன் என்று முதல் தடவை நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரை வாளி வெந்நீரில் சோப்புத்தூளைக் கரைத்து, துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தேன். அதுவும் ஐப்பசி மாதத்தில். கறுப்பு பாதி போயிற்று. பதிலுக்கு அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு பெரிய வளையம் வந்தது. உள்ளே இருந்த ஃபோம் ஒரு வாரம் காயவில்லை. கூடம் முழுக்க மழையில் நனைந்த சாக்கின் வாடை. எண்ணெயால் சோபா அழுக்காகத்தான் ஆகியிருந்தது. அதைக் கெடுத்தது நான் ஊற்றிய தண்ணீர். கீழே சொல்லும் முறை முழுவதும், முடிந்தவரை குறைந்த தண்ணீரில் எண்ணெயை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான்.

கறுப்பாகத் தெரிவது எது?

நம் தோலே எண்ணெய் சுரக்கும். உச்சந்தலையிலும் நெற்றியிலும் அது அதிகம். அதோடு தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், வியர்வை உப்பு, உதிரும் தோல் துகள் எல்லாம் சேர்ந்து துணியில் இறங்குகின்றன. எண்ணெய்க்குக் கறுப்பு நிறம் கிடையாது. அது பசைபோல இருந்து காற்றில் பறக்கும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிவது தூசி. அதைப் போகவிடாமல் வைத்திருப்பது எண்ணெய். அதனால்தான் வெறும் ஈரத்துணியால் துடைத்தால் அன்றைக்குக் கொஞ்சம் வெளுத்ததுபோல இருந்துவிட்டு மறுவாரமே பழையபடி ஆகிவிடுகிறது.

நாளாக ஆக இந்த எண்ணெய் காற்றுப்பட்டு மஞ்சளாகி இறுகும். பூஜை விளக்கைப் பல நாள் தேய்க்காமல் விட்டால் அடியில் ஒரு பிசுக்கு ஏறிச் சிக்கு வாடை அடிக்குமே, அதே கதைதான். ஒரு வாரக் கறையும் இரண்டு வருடக் கறையும் ஒன்றல்ல. முன்னது ஒரே தடவையில் போகலாம். பின்னதற்கு மூன்று தடவையாவது உட்கார வேண்டும், அப்போதும் லேசாக ஒரு நிழல் மிஞ்சலாம்.

எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு யாரும் குளியலறையை விட்டு வருவதில்லை. சீயக்காயோ அரப்போ போட்டால்தான் எண்ணெய் இறங்கும். சீயக்காயில் இருக்கும் சபோனின் என்ற பொருளின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பாத்திரம் கழுவும் லிக்விட் செய்வதும் அதையேதான். (இதைப் படித்துவிட்டுச் சீயக்காயைக் கொண்டுபோய் சோபாவில் போட்டுவிடாதீர்கள். இருக்கிற கறையோடு ஒரு பழுப்புக் கறையும் சேரும்.)

தொடங்குமுன் துணியைப் பாருங்கள்

குஷனுக்கு அடியிலோ சோபாவின் அடிப்பக்கத்திலோ சின்னதாக ஒரு லேபிள் தைத்திருக்கலாம். அதில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் கலந்த கலவை போடலாம். 'எஸ்' என்றால் தண்ணீரே ஆகாது, உலர்சலவைக் கரைப்பான்தான். 'டபிள்யூ எஸ்' என்றால் இரண்டும் ஆகும். 'எக்ஸ்' என்றால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மற்றது தொழிலாகச் செய்பவர்கள் பாடு.

தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்த சோபாவில் லேபிளாவது ஒன்றாவது. அப்போது நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். பின்பக்கம் அடியில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, கீழே சொல்லும் கலவையை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டு அரை நிமிடம் அழுத்துங்கள். வெள்ளைத் துணியில் சோபாவின் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஏறவில்லை என்றாலும் அந்த இடம் முழுசாகக் காயும்வரை பொறுங்கள். வளையம், சுருக்கம் எல்லாம் காய்ந்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். சணல், லினன், பருத்தி போன்ற நார்த்துணிகளில் ஈரம் அதிகமானால் நாரில் இருக்கும் பழுப்பு மேலேறி வந்து வளையமாக நின்றுவிடும். என் சோபாவுக்கு நடந்தது அதுதான். பாலியஸ்டர் துணியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது எண்ணெயை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது.

இன்னொன்று, குஷன் உறையில் ஜிப் இருக்கிறது என்பதால் கழற்றி வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். பல சோபாக்களில் அந்த ஜிப், ஃபோமை உள்ளே திணிப்பதற்காக மட்டும் வைத்தது. துவைத்த உறை இரண்டு விரல் அகலம் சுருங்கினாலும் போதும், திரும்ப ஏறாது. துவைக்கலாம் என்று லேபிள் சொன்னால் மட்டும் கழற்றுங்கள்.

என்னென்ன வேண்டும்?

பாத்திரம் கழுவும் லிக்விட், முடிந்தால் நிறம் இல்லாதது. சோள மாவு அல்லது டால்கம் பவுடர். மென்மையான பழைய டூத் பிரஷ். ஒரு டேபிள் ஃபேன். இவற்றைவிட முக்கியம், நான்கைந்து வெள்ளைப் பருத்தித் துண்டுகள். பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டால் இதற்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. மெல்லிசு, ஈரத்தை இழுக்கும், சாயம் போகாது, எவ்வளவு அழுக்கு ஏறியிருக்கிறது என்பதையும் காட்டும். கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள், கரைச் சாயம் சோபாவில் இறங்கினால் வம்பு.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், காய்ந்ததும் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். மொத்தமே அரை லிட்டர்தான் தேவை, அதற்குக் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ எடுத்துக்கொள்ளலாம். சூடு, குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். ஏசி அறையில் கிடக்கும் சோபாவில் அது துணிக்குள் கட்டியாகத்தான் இருக்கும். பச்சைத் தண்ணீரில் அது அசையாது.

முதலில் மாவு

கறையுள்ள இடத்தைத் தூசி போக வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள், இல்லாவிட்டால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தூசியோடு நனைத்தால் அது சேறாகி உள்ளே இறங்கும்.

பிறகு சோள மாவையோ பவுடரையோ கறைமேல் தூவி, விரலால் மெல்ல அழுத்திவிட்டு, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி விடுங்கள். மேலாக இருக்கும் எண்ணெயை மாவு இழுத்துக்கொள்ளும். எழுதுவது எளிது. தலை சாயும் இடமோ நெட்டுக்குத்தாக நிற்கிறது, தூவிய மாவெல்லாம் இருக்கையில் கொட்டும். ஒற்றை சோபாவாக இருந்தால் இரண்டு பேர் பிடித்து மல்லாக்கச் சாய்த்துப் போட்டுவிடுங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா என்றால், ஒரு மடித்த துணியில் மாவைக் கனமாகத் தடவி, மாவுப் பக்கம் கறையில் படும்படி வைத்து, பின்னால் சுற்றி நாடாவால் கட்டிவிடுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேலை நடக்கும்.

கடலை மாவும் எண்ணெயை இழுக்கத்தான் செய்யும், ஆனால் வெளிர் துணியில் மஞ்சளாக நிற்கும். மிச்சத்தைத் தேடி எறும்பும் வரும். முல்தானி மட்டி எண்ணெய் இழுப்பதில் கெட்டிக்காரன்தான். கம்பளியில் உள்ள பிசுக்கை எடுக்க அந்த மாதிரி மண்ணைத்தான் பல நூறு ஆண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். இருந்தாலும் சோபாத் துணியின் இழைக்குள் புகுந்த மண்ணை எடுப்பது தனி வேலை. எனக்குச் சோள மாவு போதும்.

ஊறியதும் மாவை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நேற்று விழுந்த எண்ணெய் என்றால் இதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். பழைய கறைக்கு மாவு பெரிதாக ஒன்றும் செய்யாது, மேல் பிசுக்கு மட்டும் குறையும்.

அப்புறம் நுரை

ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் லிக்விட். அதற்கு மேல் வேண்டாம். கலவையை மோர் மத்தால் நன்றாகக் கடையுங்கள். மேலே கெட்டியாக நுரை திரளும். நமக்கு வேண்டியது அந்த நுரை மட்டும்தான், அடியில் நிற்கும் தண்ணீர் அல்ல. நுரையில் சோப்பு உண்டு, ஈரம் கொஞ்சம்தான். துணியின் மேலிழையை நனைக்கும், ஃபோம்வரை இறங்காது.

நுரையை ஸ்பூனால் அள்ளிக் கறையின் ஓரத்தில் வைத்து, டூத் பிரஷ்ஷால் மெல்ல, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொண்டுபோங்கள். நடுவிலிருந்து வெளியே போனால் கறை அகலமாகும். அழுத்திக் கறகறவென்று தேய்த்தால் இழை பிரிந்து, கறை போன பிறகும் அந்த இடம் சொரசொரப்பாகத் தனியே தெரியும். வெல்வெட் என்றால் முடி சாய்ந்திருக்கும் பக்கமாக மட்டும் பிரஷ் ஓட வேண்டும்.

ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு காய்ந்த வேட்டித் துண்டை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒற்றுங்கள். துடைக்காதீர்கள், ஒற்றுங்கள். எடுத்துப் பார்த்தால் துண்டில் டீ வடிகட்டிய துணி போல ஒரு பழுப்பு ஏறியிருக்கும். இதைப் பார்க்கும்போது வருகிற திருப்தி இருக்கிறதே, அது தனி. துண்டின் வேறு பக்கத்தைத் திருப்பி மறுபடி ஒற்றுங்கள். துண்டில் பழுப்பு ஏறுவது நிற்கும்வரை நுரையும் ஒற்றலுமாக மாறி மாறிச் செய்யலாம். ஒரே நாளில் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம், துணி ஊறிப்போகும். மிச்சத்தை இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சோப்பை எடுப்பதுதான் முக்கியம்

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கறை போய்விட்டதே என்று நுரையோடு காயவிட்டால், துணியில் மிஞ்சும் சோப்பும் பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அதே இடம் முன்னைவிடக் கறுக்கும். வெறும் தண்ணீரில் நனைத்து, இனிப் பிழிய முடியாது என்னுமளவுக்குப் பிழிந்த துண்டால் நான்கைந்து முறை ஒற்றி எடுங்கள். விரலால் தொட்டால் வழவழப்பு இருக்கக்கூடாது.

கடைசி ஒற்றலின்போது கறை இருந்த இடத்தோடு நிற்காமல், அதே ஈரத்துண்டால் அந்தப் பலகம் முழுவதையும், தையலிலிருந்து தையல்வரை, லேசாகத் தொட்டுவிடுங்கள். நடுவில் மட்டும் ஈரமாக இருந்து காயும்போதுதான் ஈரத்தின் விளிம்பில் வளையம் விழும். விளிம்பு தையலில் போய் முடிந்தால் வளையம் தெரியாது.

இனி காய வைப்பது. ஃபேனை நேராகத் திருப்பி வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்தால் நிறம் வெளுக்கும். மழைக்காலத்தில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம் என்பேன். பங்குனி, சித்திரையில் ஒரு காலைப்பொழுதில் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் கை வைத்துப் பார்க்கலாம்.

காய்ந்ததும் சில சமயம் கறை மறுபடி எட்டிப் பார்க்கும். பயப்பட வேண்டாம். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, துணி காயக் காய உள்ளே தங்கியிருந்த அழுக்கு மேலே ஏறி வருகிறது. இதை நமக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்ளலாம். ஒற்றி முடித்த கையோடு, காய்ந்த வேட்டித் துண்டை நான்காக மடித்து அந்த இடத்தில் அழுந்தும்படி வைத்து, இருக்கை என்றால் மேலே கனமாக எதையாவது வைத்தும், முதுகு என்றால் கட்டியும், இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். மேலே வருகிற அழுக்கு சோபாத் துணியில் நிற்காமல் வேட்டியில் ஏறிவிடும். பிறகு துண்டை எடுத்துவிட்டு ஃபேனைப் போடுங்கள்.

இறுகிப்போன கறைக்கு

வருடக்கணக்கில் படிந்து, நகத்தால் சுரண்டினால் கறுப்பு மெழுகுபோல வரும் கைப்பிடிகளுக்கு நுரை மட்டும் போதாது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கறையில் நேரே ஊற்றாமல், வெள்ளைத் துண்டில் நனைத்து ஒற்றினால் பிசுக்கு இளகும். மறைவிடத்தில் சோதிப்பது இங்கே இரட்டிப்பு அவசியம், சில சாயங்கள் இதில் ஓடிவிடும். அது ஆவியான பிறகு நுரை முறையைச் செய்யுங்கள். கைக்குப் போடும் ஜெல் சானிட்டைசர் இதற்குச் சரிவராது. அதில் ஜெல்லுக்காகவும் வாசனைக்காகவும் சேர்த்ததெல்லாம் துணியில் தங்கிவிடும்.

இது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். பூஜை விளக்கு, கொசுவத்தி, சாம்பிராணி, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம், சில செயற்கை இழைகள் அதில் கரைந்தே போகும்.

வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்து பொங்க வைத்தால் எல்லாக் கறையும் போகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொங்குவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். எண்ணெய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆப்ப சோடாவைத் தனியாக, உலர்ந்த பொடியாகத் தூவி எடுத்தால் வாடை குறையும், அது உண்மை. பிளீச் வேண்டவே வேண்டாம், அது எண்ணெயை விட்டுவிட்டு நிறத்தை எடுத்துவிடும்.

ரெக்ஸினும் தோலும்

ரெக்ஸினில் எண்ணெய் உள்ளே ஊறுவது மெதுவாகத்தான். ஆனால் பல மாதம் துடைக்காமல் விட்டால் தலை படும் இடம் விறைத்து, வெடித்து, செதில் செதிலாக உரியத் தொடங்கும். உரிந்த பிறகு சுத்தம் செய்ய எதுவும் இல்லை, உறையை மாற்ற வேண்டியதுதான். வாரம் ஒருமுறை நுரைத் துணியால் துடைத்து, வெறும் ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்தால் போதும். ஆல்கஹால் போட்டால் மேல்பூச்சு போய்விடும்.

உண்மையான தோல் என்றால் பவுடர் தூவி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் மென்துணியால் தட்டி எடுங்கள். அதற்குமேல் தோலுக்கென்று விற்கும் கிளீனர் வாங்கிக்கொள்ளுங்கள், பாத்திர லிக்விட் வேண்டாம்.

மறுபடி வராமல் இருக்க

அரசு அலுவலகங்களில் அதிகாரியின் நாற்காலி முதுகில் வெள்ளை டர்க்கி டவல் ஒன்று போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இன்று அது பதவியின் அடையாளம்போல ஆகிவிட்டது. அந்த ஏற்பாட்டின் வேர் தலை எண்ணெயில்தான் இருக்கிறது என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆண்கள் தலைக்கு 'மக்காசர் எண்ணெய்' பூசிக்கொண்டு திரிந்தார்கள். இந்தோனேசியாவின் மக்காசர் துறைமுகத்தின் பெயர் கொண்ட எண்ணெய் அது. வீட்டுப் பெண்கள் நாற்காலி பாழாகிறதே என்று முதுகில் துணி பின்னிப் போட்டார்கள். அந்தத் துணிக்கு 'ஆன்டி மக்காசர்' என்றே பெயர் வந்தது. எண்ணெய்க்கு எதிராகச் சோபாவைக் காப்பாற்ற இன்றுவரை இதைவிட மலிவான வழி இல்லை.

சோபாத் துணியின் நிறத்திலேயே இரண்டு துண்டு வாங்கி, ஒன்று சோபாவில் இருக்கும்போது ஒன்று துவைக்கப் போகட்டும். வாரம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் துண்டைக் கடந்து கீழே இறங்கிவிடும். வழுக்காமல் இருக்கப் பின்பக்கம் இரண்டு சேஃப்டி பின் குத்திக்கொள்ளலாம், அல்லது நான்கு அங்குலம் வெல்க்ரோ தைத்துவிடலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு துண்டு வாங்கிப் போட்டாயிற்று. அப்பா தினமும் சாயங்காலம் வந்ததும் அதை எடுத்து, நான்காக மடித்து, பத்திரமாகப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறும் சோபாவில் தலையைச் சாய்க்கிறார். கேட்டால், "புதுத் துண்டுடா, எண்ணெய் பட்டா பாழாயிடும்" என்கிறார். இப்போது பின் இரண்டு போதாது என்று நாலு குத்தியிருக்கிறேன்.